ராணி ஃபைலும் சப்பாத்தி ஃபைலும்

போன வாரம் வித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். "மேடம், ரெண்டு ஃபைலை சிஸ்டத்துல லிங்க் பண்ணிட்டேன். இப்ப ரெண்டும் நகர மாட்டேங்குது. என்ன பண்றதுன்னு சொல்லுங்க," என்றாள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் மத்திய அரசுப் பணியில் இருந்ததே இல்லை என்று நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம் டி.வி. செய்தியில் ஏதோ ஒரு வெளிநாட்டைக் காட்டினார்கள். யார் யார் நாட்டுக்குள் வந்து குடியேறலாம் என்று இரண்டு கட்சிகளுக்குள் சண்டையாம். அது தீரும்வரை நாட்டைக் காவல் காப்பதற்கான பணத்தை ஒதுக்க மாட்டோம் என்று பிடிவாதமாம். "இப்படிக்கூட நடக்குமா மல்லிகா?" என்று என் கணவர் ஆச்சரியப்பட்டார். நடத்தியவளே நான்தான், அவரிடம் இதுவரை சொன்னதில்லை.

முப்பத்தோரு வருஷம் நான் வேலை பார்த்தது திருச்சிக்கு வெளியே உள்ள ஒரு மத்திய அரசுக் கிடங்கில். தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இடம். பெயரைச் சொல்லக் கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்லக் கூடாது. சொல்லச் சொன்னாலும் என்னால் முடியாது, எனக்கே தெரியாது. இவ்வளவு ரகசியமான இடத்தின் பெயரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்தே கண்டக்டர் கூவிக்கொண்டு வருவார். எந்த லாரி எத்தனை மணிக்கு உள்ளே போகும் என்பது வாசலில் இளநீர் வெட்டுபவருக்கு மனப்பாடம்.

லால்குடியிலிருந்து ரயிலில் வந்துபோன முதல் இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது முடிச்சுப் போடுவதுதான். ஃபைலின் அட்டையில் ஒரு நாடா இருக்கும். இரண்டு ஃபைல்கள் ஒரே விஷயத்தைப் பேசினால் கீழே உள்ளதன் நாடாவை மேலே உள்ளதைச் சுற்றி இழுத்துக் கட்டிவிடுவோம். அதற்குப் பெயர் லிங்க் பண்ணுவது. கட்டிய பிறகு இரண்டும் ஒரே மேஜைக்குத்தான் போகும், இரண்டுக்கும் முடிவு தெரிந்துதான் திரும்பும். என் முடிச்சு அவிழவே அவிழாது என்று ஆபீசில் பெயர். களத்துமேட்டில் வைக்கோல் கட்டிய கை. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் செக்‌ஷனின் சூப்பரின்டென்டென்ட் சௌந்தரராஜன் சார். ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர். நெற்றியில் திருமண் ஒரு நாளும் கோணியதில்லை. வீட்டிலிருந்து கூஜாவில் தண்ணீர் கொண்டுவருவார், ஆபீஸ் தண்ணீரைத் தொட மாட்டார். நாம் ஃபைலில் எழுதிய நோட்டை நம் எதிரிலேயே சத்தமாகப் படிப்பார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, "இதுல கேள்வி என்ன?" என்று கேட்பார். ஒரு நோட்டில் ஒரு கேள்விதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் திருப்பித் தந்துவிடுவார். ஒருமுறை மின்விசிறி ஓடவில்லை, ஜன்னலும் மூடவில்லை என்று சேர்த்து எழுதிவிட்டேன். "காத்து வேணுமா, வேண்டாமா? முதல்ல முடிவு பண்ணிக்கோம்மா," என்றார்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம், நாய். அந்தப் பயம் எனக்கும் உண்டு. கிடங்கில் ராணி என்று ஒரு காவல் நாய் இருந்தது. அல்சேஷன். வடக்கே எங்கேயோ பயிற்சி முடித்து, சந்தன் என்ற காவலரோடு சேர்ந்து மாற்றலாகி வந்தது. சந்தன் பீகார்க்காரர். வந்த புதிதில் ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. தினமும் பஸ்ஸில் போய்வந்து கண்டக்டர்களிடமே தமிழ் கற்றுக்கொண்டார். விளைவு, ராணியும் அதே தமிழைக் கற்றுக்கொண்டது. "ரைட் ரைட்" என்றால் பாயும். "ஹோல்டேன்" என்றால் நிற்கும். "உள்ள போங்க, உள்ள போங்க" என்றால் கூண்டுக்குள் போய்விடும்.

இனி என் தவறுக்கு வருகிறேன். அந்த வருஷம் வெளிமாநிலத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் பரீட்சை எழுதித் தேர்வாகிக் கிடங்கில் சேர்ந்தார்கள். வந்தவர்கள் கேன்டீனில் வாரத்துக்கு இரண்டு நாள் மதியம் சப்பாத்தி வேண்டும் என்று மனுக் கொடுத்தார்கள். முதல் கையெழுத்து, அவர்களுக்கு முன்பே வந்திருந்த சந்தனுடையது. ஸ்டோரில் இருந்த கோவிந்தராசு அண்ணன் இதை எதிர்த்து நின்றார். வையம்பட்டிக்காரர், மைக் இல்லாமலே மீட்டிங் நடத்தும் குரல். அவருடைய அக்கா மகன் அதே பரீட்சையை மூன்று தடவை எழுதித் தோற்றிருந்தான், அந்த ஆற்றாமையும் உள்ளே இருந்தது. "இன்னிக்குச் சப்பாத்தி கேப்பாங்க, நாளைக்குக் குவார்ட்டர்ஸ் கேப்பாங்க, அப்புறம் நம்ம புள்ளைங்க எங்க போறது?" என்றார். கேன்டீன் கமிட்டியில் ஆறு பேர். மூன்று பேர் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம்.

அதே வாரம் என் மேஜைக்கு இன்னொரு ஃபைல் வந்தது. கிடங்கின் பாதுகாப்புச் செலவுக்கான வருஷாந்திர அனுமதி. வேலிக் கம்பி, சுற்றுச்சுவர் விளக்கு, ராணியின் தீனி. அதில் ராணியின் பொறுப்பாளர் என்று சந்தன் பெயர் இருந்தது. சப்பாத்தி மனுவிலும் சந்தன் பெயர். ஒரே ஆள், இரண்டு ஃபைல். எனக்குக் கை அரித்தது. சௌந்தரராஜன் சார் அன்று லீவு. எடுத்தேன், இரட்டை முடிச்சுப் போட்டேன், அனுப்பிவிட்டேன்.

தேசத்தின் பாதுகாப்பு நிதி நேராகக் கேன்டீன் கமிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

கமிட்டிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வேலிக் கம்பியை எதற்கு நம்மிடம் கேட்கிறார்கள் என்று விழித்தார்கள். பிறகு புரிந்தது. சப்பாத்திக்கு முடிவு சொல்லாமல் இந்த ஃபைல் வெளியே போகாது. "மனுவை வாபஸ் வாங்கச் சொல்லுங்க, வேலி தானா வரும்," என்றார் கோவிந்தராசு அண்ணன். "சப்பாத்தி போடுங்க, நாய்க்குத் தீனி தானா வரும்," என்றார்கள் எதிர்த்தரப்பில். அதற்கு முன்னால் வெறும் மாவைப் பற்றிய சண்டையாக இருந்தது. இப்போது இரண்டு தரப்புக்கும் கையில் ஒரு பிடி கிடைத்துவிட்டது.

மூன்றாவது வாரத்தில் வேலியின் மேற்கு மூலை அறுந்து, ஊர் ஆடுகள் உள்ளே வந்து மேய ஆரம்பித்தன. அனுமதி அட்டை இல்லாமல் நான்கூடப் போக முடியாத இடத்தில் ஒரு கிடாய் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. சுற்றுச்சுவர் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ராணிக்குக் கறி கொடுத்துக்கொண்டிருந்த கான்ட்ராக்டர், அனுமதி வந்தால் சொல்லி அனுப்புங்கள் என்று நின்றுவிட்டார். கிடங்கின் பெரிய அதிகாரி தினமும் கேட்டார், "ஃபைல் எங்கே?" கேன்டீனில் என்று சொன்னோம். அவர் சாப்பாட்டு நேரம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது, முடிச்சு என்னுடையதுதான் என்று. வாயை மூடிக்கொண்டிருந்தேன். லிங்க்கைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும், ஏன் அவிழ்க்கிறேன் என்று நோட்டும் எழுத வேண்டும். அந்த நோட்டின் நகல் சர்வீஸ் புத்தகத்துக்குள் போகும். அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பட்டியல். ஒரு நாய்க்காக அதை விட மனம் வரவில்லை. இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் ராணி பட்டினி கிடக்கிறதே என்று உறுத்தியது. அதனால் தினமும் நான்கு இட்லி கூடுதலாக ஊற்றினேன். மதியம் யாரும் பார்க்காத நேரத்தில் கூண்டுப் பக்கம் போய், பத்தடி தூரத்தில் நின்று ஒவ்வொன்றாக வீசுவேன். ராணி அந்தரத்திலேயே பிடிக்கும். பிடிக்கும் ஒவ்வொரு இட்லிக்கும் என் பாவத்தில் கொஞ்சம் கழிந்ததாகக் கணக்குப் போட்டுக்கொண்டு திரும்பி வருவேன்.

ஒன்றரை மாதம் இப்படிப் போனது. அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இருபத்தைந்து நாளில் காவல் நாய்ச் சோதனை. ஐந்தடிச் சுவரைத் தாண்ட வேண்டும், ஓடும் திருடனைப் பிடிக்க வேண்டும். தேறாத நாய் உபரி என்று எழுதப்பட்டு வெளியே அனுப்பப்படும், பொறுப்பாளர் வேறு ஊருக்கு மாற்றப்படுவார்.

மறுநாள் மதியம் நான் இட்லிப் பொட்டலத்தோடு போனபோது கூண்டின் மறுபக்கத்தில் கோவிந்தராசு அண்ணன் நின்றார். கையைப் பின்னால் மறைத்திருந்தார். முருங்கைமரத்துப் பின்னால் ஒரு வெள்ளை வேட்டி தெரிந்தது. சௌந்தரராஜன் சார், ஒரு தொன்னையை ஈட்டி மாதிரி நீட்டிப் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு முன்னேறிக்கொண்டிருந்தார். சந்தன் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன் தங்கச்சி," என்றார் கோவிந்தராசு அண்ணன். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆட்டு எலும்பு வாசனை வந்தது.

"எத்தனை நாளாண்ணே சும்மா வர்றீங்க?"

"தீனி நின்ன அன்னியிலேருந்து."

சந்தன் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். தினமும் ராணியின் எடையைக் குறித்திருந்தார். வரும்போது முப்பத்திரண்டு கிலோ. இப்போது நாற்பத்தொன்று. "நான் நாலு சப்பாத்திதான் குடுத்தேன் மேடம். தண்ணி குடிச்சே பெருக்குதுன்னு நினைச்சேன்," என்றார். "இன்னொண்ணு. பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை கால் கிலோ குறையுது. டாக்டர்கிட்ட காட்டினேன். அவருக்கும் புரியல."

எல்லோரும் யோசித்தோம். சௌந்தரராஜன் சார் முருங்கைமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு ஏகாதசி," என்றார் மெதுவாக. "ஆத்துல சாதம் வைக்க மாட்டோம். அதனால தயிர்சாதம் கிடையாது. மத்த நாள்ல சன்னதிலேர்ந்து புளியோதரையும் கொஞ்சம் சேர்த்துக் கொண்டுவருவேன். பெருமாள் பிரசாதம், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு நினைச்சேன்."

சந்தன் எழுந்து நின்று, "ராணி, ரைட் ரைட்," என்றார். ராணி எங்கள் நாலு பேரையும் பார்த்தது. எழுந்திருக்க முயற்சி செய்தது. பாதி எழுந்து, பெருமூச்சு விட்டு, மறுபடி உட்கார்ந்துகொண்டது.

"இப்படி இருந்தா அனுப்பிடுவாங்க மேடம்," என்றார் சந்தன். "என்னை எங்க போட்டாலும் நான் இருந்துக்குவேன். ராணி புது ஆளுகிட்ட என்ன பண்ணும்? அங்க யாரும் ஹோல்டேன்னு சொல்ல மாட்டாங்களே." கோவிந்தராசு அண்ணன் எலும்புப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தங்கச்சி," என்றார் திரும்பாமலே. "நாய் ஃபைலைத் தனியா கொண்டாந்தா நான் ஏன் மறிக்கப் போறேன்? சாப்பாட்டுக்கு ஆள் வெச்சிருந்தா அளந்து போட்டிருப்பான். ஆனா சப்பாத்தியை மட்டும் நான் விட மாட்டேன். அது வேற சண்டை."

"அது வேற சண்டைதான் அண்ணே," என்றேன். "ரெண்டையும் ஒண்ணாக் கட்டினது நான்."

சொன்ன பிறகு உடம்பே லேசானது. கூடவே பதவி உயர்வும் கண்ணுக்கு முன்னால் பறந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் உணர்ந்தேன்.

ஆபீசுக்குத் திரும்பி நோட் எழுதினேன். இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'மேற்படி இரண்டு ஃபைல்களையும் இணைத்தது என் தவறு. நாய்க்கும் சப்பாத்திக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.' சௌந்தரராஜன் சார் சத்தமாகப் படித்தார். பென்சிலால் இரண்டாவது வரியில் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இது பொய்யாச்சேம்மா. தினம் நாலு சப்பாத்தி தின்னறது. நாளைக்கு ஆடிட்ல கேட்டா?"

பிறகு மூன்று தடவை திருத்தினோம். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'இணைத்தது என் தவறு. பிரிக்க அனுமதிக்கலாமா?' அவர் கண்ணாடியைக் கழற்றினார். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "உன் பேர் பட்டியல்ல இருக்கு, தெரியுமில்லையா?" என்றார். தெரியும் சார் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். ஒன்றரை மாதம் நாய்க்குத் தயிர்சாதம் சுமந்த மனுஷன், தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ள ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்தக் கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

என் முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. பல்லால் இழுத்தும் பார்த்துவிட்டேன். கடைசியில் அரிவாள்மனை கொண்டுவரச் சொல்லி, அதுவும் அந்தக் கேன்டீனிலிருந்தே, நாடாவை அறுத்தோம். பாதுகாப்பு ஃபைல் அன்று சாயங்காலமே பெரிய அதிகாரியிடம் கையெழுத்தாகிவிட்டது. இரண்டு மாதம் நின்றதற்கு இருபது நிமிஷம்தான் ஆயிற்று.

வேலி வந்தது, விளக்கு வந்தது, கிடாய் வெளியேற்றப்பட்டது. ராணிக்கு அளந்த தீனி வந்தது. நாங்கள் மூன்று பேரும் கூண்டுப் பக்கம் போவதில்லை என்று சந்தன் முன்னால் சத்தியம் செய்தோம். தினமும் மதியம் ராணி கம்பி வழியாக ஆபீஸ் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அந்த இருபத்தைந்து நாளும் என் தொண்டையில் இட்லி இறங்கவில்லை.

சோதனைக்கு ஒரு அதிகாரி வந்தார். சிரிக்காத முகம். ஐந்தடிச் சுவரில் ராணி வயிற்றால் தேய்த்துக்கொண்டுதான் ஏறியது. அவர் ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்தது திருடனைப் பிடிப்பது. திருடனாக ஓட வேண்டிய காவலர் அன்று காய்ச்சல் என்று வரவில்லை. நாய் கடித்தாலும் படாமலிருக்க அவர் போடும் பஞ்சு வைத்த கோட்டு வேறு யாருக்கும் பொருந்தவில்லை. "கொண்டாங்க இங்க," என்று கோவிந்தராசு அண்ணன் வாங்கி மாட்டிக்கொண்டார்.

அவர் ஓட ஆரம்பித்தார். சந்தன், "ரைட் ரைட்," என்றார். ராணி அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. இருபத்தைந்து நாளாகக் காணாமல் போயிருந்த ஆட்டு எலும்பு, இரண்டு காலில் ஓடிக்கொண்டிருந்தது. பாய்ந்து அவரைக் குப்புறத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, கோட்டுப் பை ஒவ்வொன்றாக மூக்கை விட்டுத் தேடியது. சந்தன் "ஹோல்டேன்" என்றார். ராணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதிகாரி, 'திருடனை முழுமையாகச் சோதனையிட்டது, மிகுந்த ஊக்கம்' என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. "இந்த நாய் எந்த ஊர்?" என்று கேட்டார். சந்தன் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மண்ணில் கிடந்தபடி, நெஞ்சின் மேல் நாயோடு, கோவிந்தராசு அண்ணன் மைக் இல்லாத அந்தக் குரலில் சொன்னார்:

"எழுதுங்க சார், வையம்பட்டி."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

எனக்குப் பதவி உயர்வு ஒன்றரை வருஷம் தள்ளி வந்தது. கோபப்பட்டேன், அழுதேன், பிறகு வாங்கிக்கொண்டேன். சௌந்தரராஜன் சார் ஓய்வு பெற்ற அன்று என் மேஜையில் ஒரு தொன்னை புளியோதரை வைத்துவிட்டுப் போனார். அவர் வழியில் அது ஒரு வரி எழுதிய மாதிரி. நான் ஓய்வு பெற்றபோது வித்யாவிடம் கொடுத்த நிலுவைப் பட்டியலில் சப்பாத்தி ஃபைல் அப்படியே இருந்தது. இன்றும் கமிட்டியில் மூன்றுக்கு மூன்று. அது பாட்டுக்கு இருக்கட்டும், அது தனி ஃபைல். வித்யாவிடமும் அதையேதான் சொன்னேன். "பிரிக்கக் காரணம் கேக்குது மேடம், என்ன எழுதறது?" என்றாள். என் தவறு என்று எழுதச் சொன்னேன். "வேற வழி இல்லையா மேடம்?" என்றாள். இல்லை என்றேன்.

ராணிக்கும் வயதாகி ஓய்வு கொடுத்தார்கள். சந்தன் அப்போது குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடியில் இருந்தார், படி ஏற ராணியால் முடியாது. கோவிந்தராசு அண்ணன் விண்ணப்பம் போட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஏன் இந்த நாய் உங்களுக்கு என்ற கேள்விக்கு, சொந்த ஊர் என்று எழுதியிருந்தாராம். ஆதாரமாகச் சோதனைப் படிவத்தின் நகலை இணைத்திருந்தார். யாராலும் மறுக்க முடியவில்லை.

வித்யா போன் செய்த இரண்டு நாள் கழித்து நான் வையம்பட்டி போனேன். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ராணி வாசலில் படுத்திருந்தது. முகமெல்லாம் நரைத்துவிட்டது. நான் பத்தடி தூரத்தில் நின்றேன், பழக்கம். அதுவே எழுந்து வந்து என் கைப்பையை முகர்ந்தது. இட்லி கொண்டுபோயிருந்தேன். முதல் முறையாகக் கையாலேயே கொடுத்தேன்.

உள்ளே அண்ணி மாவு தேய்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் தோசைக்கல். பக்கத்தில் தட்டில் வட்ட வட்டமாக ஏழெட்டு அடுக்கியிருந்தது.

"என்ன அண்ணி, உங்க வீட்ல சப்பாத்தியா?" என்றேன்.

"எங்களுக்கில்லம்மா. அதுக்கு. பொழுது சாஞ்சா வேற எதையும் தொடாது. தினம் அவருதான் மாவு பிசைஞ்சு வெப்பாரு. இன்னிக்கு நீங்க வர்றீங்கன்னு என்னைத் தேய்க்கச் சொல்லிட்டு அந்தாண்ட போய் நிக்கிறாரு."

கொல்லையிலிருந்து கோவிந்தராசு அண்ணன் வந்தார். முழங்கைவரை கழுவியிருந்தார். காதோரத்தில் மட்டும் மாவு மிச்சம் இருந்தது. நான் தட்டைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

"தங்கச்சி," என்றார். "அந்தக் கேன்டீன் ஃபைல் இன்னும் நிலுவையிலதான இருக்கு?"

"இருக்குண்ணே."

"அதுல என் ஆட்சேபம் அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, ஒரு சப்பாத்தியை எடுத்து, சூடு ஆற ஊதி ஊதி, ராணிக்குப் பிய்த்துப் போட ஆரம்பித்தார்.